உதை விழுந்த பக்கம்

பூட்டுக்காரருக்குச் சந்தேகம் தொழிலோடு சேர்ந்து வந்த வியாதி. கடையைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். நாலாவது தரம் பார்க்காமல் வந்துவிட்டோமே என்று பாதி வழியில் திரும்புவார். ஒருநாள் மனைவி கேட்காமலே சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்ததற்கு, என்ன காரணமாக இருக்கும் என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டார். மனுஷர் நல்லவர்தான். ஊரில் தன்னைத் தவிர இன்னொரு நல்லவர் இருப்பார் என்பதைத்தான் சுலபத்தில் நம்பமாட்டார்.

அப்படிப்பட்டவர், ஊர்க் கால்பந்து ரசிகர் சங்கத்தில் கோணக்காலைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது சும்மா இருப்பாரா?

கோணக்கால் என்பவன் அவர்கள் டீமின் ஆட்டக்காரன். இடது கால் முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் வளைந்திருக்கும். அந்தக் காலில் பட்ட பந்து எங்கே போகும் என்று கோல்கீப்பருக்குத் தெரியாது. சில சமயம் அவனுக்கே தெரியாது. ஆனால் வலைக்குள் போய்விடும். அந்த வருஷம் பத்தொன்பது ஆட்டத்தில் பதினேழு கோல். அதே பத்தொன்பது ஆட்டத்தில் கோச்சோடு நாலு சண்டை, சொந்த டீம்காரனின் சட்டையைப் பிடித்தது ஒரு தரம். பயிற்சிக்கு மட்டம் போட்டதை யாரும் எண்ணவே இல்லை. இவனை வேறு கிளப்புக்கு விற்றுத் தலைமுழுகலாமா என்று நிர்வாகம் யோசித்தது. நேரடியாக விற்றால் ரசிகர்கள் சும்மா விடமாட்டார்களே என்ற பயம் வேறு. "சங்கத்தின் கருத்தை எழுதிக் கொடுங்கள், அதன்படி செய்கிறோம்" என்று நைசாகக் கைகழுவிவிட்டது.

சங்கம் இருந்தது டயர் கடை மாடியில். இருபத்தொரு உறுப்பினர்கள், பதினான்கு நாற்காலிகள், எந்நேரமும் ரப்பர் வாடை. விற்கலாம் என்ற கட்சிக்குத் தலைவர் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். விற்கக் கூடாது என்ற கட்சிக்கு 'மைக்', பஸ் கண்டக்டர். அவர் தொண்டைக்கு மைக் தேவைப்படாததால் அந்தப் பெயர்.

"பதினேழு கோலுங்க. விரல் விட்டு எண்ண முடியாத கோல். அவனை வித்துட்டு யாரை வெச்சு ஆடப் போறீங்க? உங்களையா?" என்று கேட்டார் மைக்.

"கோல் போட்டா ஆச்சா? மத்த பத்துப் பேரும் அவன் மூஞ்சியைப் பார்த்து நடுங்கிட்டு ஆடுறாங்க. ஒருத்தனுக்காக டீமையே நாசம் பண்ணணுமா?"

"கிளப் செயலாளர் உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனாராமே, வாத்தியாரே. என்ன விசேஷம்?"

"என் பேரன் ஸ்கூல் விஷயமா வந்தாரு. உங்களுக்கு மட்டும் கோணக்கால் எதுக்குக் கையெழுத்துப் போட்ட ஜெர்சி குடுத்தான்?"

இப்படித்தான் மூன்று வாரமாக நடந்தது. பேச்சு ஆட்டத்தைப் பற்றி ஆரம்பிக்கும். யார் யாருடைய ஆள் என்பதில் போய் முடியும். பூட்டுக்காரர் மூலையில் உட்கார்ந்து, யார் யாருக்குப் பக்கத்தில் நாற்காலி போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். வாத்தியார் மேல் சந்தேகம். மைக் மேல் சந்தேகம். டயர் கடைக்காரர் வாடகை கேட்காததில் ரொம்பச் சந்தேகம். அவர் சந்தேகப்படாத ஒரே ஆள், பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைதான். அவருடைய தங்கை புருஷன். கிளப்பில் ஜெர்சி துவைத்து, ஷூ துடைத்து, அறைகளின் சாவிக்கொத்தைக் கையில் வைத்திருக்கும் வேலை. மைதானத்தின் கிழக்குக் கேலரிக்குப் பின்னால் கிளப் கொடுத்த இரண்டு அறை வீட்டில், தங்கையும் இரண்டு குழந்தைகளும் அவரும் இருந்தார்கள்.

விற்கும் கட்சிக்குப் பலம் கொடுத்தது ஒரு கதவு. பாலத்துக்கு அந்தப் பக்கத்து டீமோடு நடந்த ஆட்டத்தில், இடைவேளைக்குப் போன கோணக்கால் இரண்டாம் பாதிக்கு வரவே இல்லை. அவனில்லாமல் ஆடி மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். மறுநாள் அவன், "மருந்து அறையில கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுட்டு இருந்தேன். யாரோ வெளியில பூட்டிட்டாங்க. கத்தினேன், கூட்டத்துச் சத்தத்துல யாருக்கும் கேக்கலை. கதவை உடைச்சுத்தான் வந்தேன்" என்றான். ஊரே சிரித்தது. ஏனென்றால் அதைக் கேட்ட கையோடு பூட்டுக்காரர் பேசிவிட்டிருந்தார்.

உடைந்த கதவைச் சரி செய்யக் கூப்பிட்டது அவரைத்தான். அவர் போகும்போது கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். பலகையில் ஷூ அடையாளம் பளிச்சென்று இருந்தது. தோற்ற எரிச்சல் அவருக்கு அப்போதும் தீரவில்லை. பழைய பூட்டைப் பிடுங்கிப் பையில் போட்டார், புதுசை மாட்டினார், நேராகச் சங்கத்துக்கு வந்து, "உள்ள பூட்டினாங்களாம், கதை விடுறான். கோச்சோட சண்டை போட்டுட்டு வெளியிலேர்ந்து கதவை எட்டி உதைச்சிருக்கான். முப்பது வருஷமா பூட்டு பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?" என்று அடித்துச் சொன்னார். பூட்டுக்காரரே சொன்ன பிறகு பேச்சேது? அன்றைக்கே ஆறு பேர் மைக் கட்சியிலிருந்து வாத்தியார் கட்சிக்குத் தாவினார்கள்.

வாத்தியார் கடிதம் தயார் செய்துவிட்டார். சனிக்கிழமை காலை கையெழுத்து. சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: கடிதத்தில் எந்த வரி யார் சொன்னதோ, அந்த வரிக்குப் பக்கத்திலேயே அவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மேல் ஒருவருக்கு அவ்வளவு நம்பிக்கை. நாலாவது வரி பூட்டுக்காரருடையது.

வியாழக்கிழமை முற்பகல், பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் நர்ஸ் அம்மா அலமாரிப் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே ஸ்பிரிங் போயிருந்தது. கழற்றிய பூட்டு எதையும் பூட்டுக்காரர் எறிவதில்லை. தேதி எழுதித் தகர டப்பாவில் போட்டு வைப்பார், இப்படி ஒரு ஸ்பிரிங்குக்கு உதவும் என்று. டப்பாவைக் கவிழ்த்தார். மருந்து அறைப் பூட்டு மேலாக வந்து விழுந்தது.

அதைத் திறக்கப் போனவர் நின்றுவிட்டார். பூட்டின் நாக்கு முழுசாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சாவியை ஒரு சுற்றுச் சுற்றினால் பாதிதான் வரும். முழுசாக வர இரண்டு சுற்று வேண்டும். திறந்து கிடந்த கதவை உதைத்திருந்தால் நாக்கு உள்ளே அல்லவா இருந்திருக்கும்? பூட்டியிருக்கும்போதுதான் உதை விழுந்திருக்கிறது.

சரி, எந்தப் பக்கத்திலிருந்து? மருந்து அறை முன்பு சாமான் அறையாக இருந்தது. அதனால் சாவித்துளை வெளிப்பக்கம் மட்டும்தான். கதவும் வெளிப்பக்கமாகத் திறக்கும். உள்ளேயிருந்து உதைத்தால் கதவு வெளியே போகப் பார்க்கும், நிலையில் மாட்டிய நாக்கு உள்பக்கமாக வளையும். வெளியிலிருந்து உதைத்தால் இதற்கு நேர்மாறு. பூட்டுக்காரர் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாக்கு, சாவித்துளை இல்லாத பக்கமாக வளைந்திருந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதுப் பையன்கூட ஒரு பார்வையில் சொல்லியிருப்பான். முப்பது வருஷக்காரர் பார்க்கவில்லை. அவருக்குக் காது சூடாகிவிட்டது.

"என்னங்க, ஸ்பிரிங் இல்லையா?" என்றார் நர்ஸ் அம்மா.

"இருக்கும்மா. சாயங்காலம் வாங்க."

யார் பூட்டியிருப்பார்கள்? முதலில் வாத்தியார்தான் மனசில் வந்தார். அப்புறம் செயலாளர். அப்புறம், பரிதாபத்தைக் கிளப்ப மைக்கே ஏன் செய்திருக்கக் கூடாது? கடையைப் பூட்டிக்கொண்டு மைதானம் வரைக்கும் நடக்கையில் ஏழு பேரைக் குற்றவாளியாக்கி ஏழு பேரையும் விடுதலை செய்தார். இரண்டு சுற்றுச் சுற்றச் சாவி வேண்டும். அந்தக் கேள்வியை மட்டும் அவர் மனசு சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டே வந்தது.

மாப்பிள்ளை துவைக்கும் அறையில் காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார். மெஷின் கடகடவென்று ஓடியது.

"வாங்க மச்சான். என்ன இந்த நேரத்துல?"

"மருந்து ரூம் பழைய பூட்டுக்குச் சாவி எத்தனை, மாப்ளே?"

"எங்கிட்ட ஒண்ணு. நீங்கதானே செஞ்சு குடுத்தீங்க."

"வேற யார்கிட்டயாவது?"

மாப்பிள்ளை கையிலிருந்த காலுறையைப் பார்த்தார். நீலத்தோடு சிவப்பைச் சேர்த்து மடித்திருந்தார். அதைப் பிரித்தார். பூட்டுக்காரர் பையிலிருந்து பூட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"அன்னைக்கு இடைவேளையில ஈர ஜெர்சியைச் சுருட்டி என் மூஞ்சியில அடிச்சான், மச்சான்" என்றார் மாப்பிள்ளை மெதுவாக. "எல்லார் முன்னாடியும். தையல் பிரிஞ்சிருக்காம். 'இதுகூடப் பார்க்க மாட்டியாடா'ன்னான். என்னைவிடப் பன்னிரண்டு வயசு சின்னவன். எல்லாரும் சிரிச்சாங்க. பத்து நிமிஷம் உள்ளயே கிடக்கட்டும்னு நினைச்சேன். கோச் அவன் வரலைன்னதும் வேற ஆளை இறக்கிட்டாரு. அதுக்கப்புறம் எப்படித் திறக்கிறது? திறந்தா நான்தான்னு தெரிஞ்சிடுமே."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் நினைச்சேன். நீங்க புதுப் பூட்டை மாட்டிட்டு நேரா சங்கத்துக்குப் போய், வெளியிலேர்ந்து உதைச்சான்னு சொல்லிட்டீங்க. அவன் பொய் சொல்றான்னு நான் ஒரு வார்த்தை சொல்லலை, மச்சான். சொன்னது நீங்கதான்."

பூட்டுக்காரருக்கு அவரை ஓங்கி ஓர் அறை விட வேண்டும்போல இருந்தது. விடவில்லை. அவர் சொன்னதில் பொய் இல்லையே. மூஞ்சியில் ஈரத்துணி விழுந்தவனுடைய வலியும் அவருக்குப் புரிந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கேலரிக்குப் பின்னால் தங்கை வீட்டுக் கொடியில் பள்ளிக்கூடச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. விஷயம் வெளியே வந்தால் வேலை போகும், வேலையோடு அந்த வீடும் போகும். வராவிட்டால் செய்யாத குற்றத்துக்கு ஒருவனை விற்றுவிடுவார்கள், அதுவும் இவர் கையெழுத்தில்.

"வீட்ல தெரியுமா?"

"அவளுக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சிடுவா."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இருபத்தொரு பேரும் வந்துவிட்டார்கள். வாத்தியார் கடிதத்தை நிறுத்தி நிதானமாகப் படித்தார். நாலாவது வரி வந்ததும் பேனாவை நீட்டினார். பூட்டுக்காரர் பேனாவை வாங்காமல், பூட்டை மேஜையில் வைத்தார்.

இரண்டு நாளாகத் தூங்காமல் யோசித்து வைத்திருந்த வழி அது: தன் தப்பை மட்டும் சொல்வது, சாவியைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பது. நாக்கைக் காட்டினார், வளைவைக் காட்டினார், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கையை ஆட்டிக் காட்டினார். "அவன் சொன்னது உண்மை. உள்ளேர்ந்துதான் உடைச்சிருக்கான். நான் பார்க்காம உளறிட்டேன். என்னை மன்னிக்கணும்" என்றார். முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை.

மைக் எழுந்து நின்று கைதட்டினார். வாத்தியார் கைதட்டவில்லை. பூட்டை வாங்கி மூக்குக்கண்ணாடிக்கு அருகில் வைத்துப் பார்த்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, அடுத்த படிக்குப் போகாமல் விடுவாரா?

"சரி. அப்போ பூட்டினது யாரு? சாவி வேணுமே."

இருபது தலைகளும் மெதுவாக மாப்பிள்ளை பக்கம் திரும்பத் தொடங்கின.

"சாவி எங்கிட்ட இருந்துச்சு. ஆனா கொத்து அன்னைக்கு ஆணியில மாட்டியிருந்துச்சு, நான் தண்ணி கொண்டுபோயிட்டேன்" என்றார். யாருக்கும் அது போதவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல், "அந்தச் சாவியை வெட்டினதே மச்சான்தான். அவர்கிட்டயும் ஒண்ணு இருக்குமே" என்றார்.

தலைகள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பின.

"அதானே!" என்றார் மைக், கைதட்டின அதே ஆள். "பூட்டினது இவர், அவன் வெளியிலேர்ந்து உதைச்சான்னு சொன்னது இவர், இன்னைக்கு நல்ல பேர் வாங்க வந்ததும் இவர்! இந்தப் பூட்டை இத்தனை நாள் ஏன்யா ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

"அன்னைக்கு இடைவேளையில நீங்க கேலரியில இல்லையே. எங்க போயிருந்தீங்க?" என்றார் டயர் கடைக்காரர்.

பூட்டுக்காரர் கழிவறை வரிசையில் நின்றிருந்தார். சொல்லியிருக்கலாம். யார் நம்புவார்கள்? இப்படிக் கேட்க இந்த அறைக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். பூட்டுக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தார். மாப்பிள்ளை குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவரை நான் ஒருநாளும் சந்தேகப்படவில்லையே என்று பூட்டுக்காரர் நினைத்தார். வாயைத் திறந்தார். கொடியில் காய்ந்த சின்னச் சட்டைகள் ஞாபகத்துக்கு வந்தன.

"எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு" என்றார்.

அது உண்மைதான். செய்யும் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு மாதிரி அவரிடம் இருக்கும். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

வாத்தியார் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். கோணக்காலை விற்கக் கூடாது என்று இருபது பேர் கையெழுத்துப் போட்டார்கள். இருபத்தோராவது பெயரைச் சங்கத்திலிருந்து அடித்தார்கள். கிளப் வேலை அந்த வாரமே வேறொரு பூட்டுக்கடைக்குப் போனது. தங்கை ஒரு தரம் போன் செய்து, "ஏண்ணா இப்படிப் பண்ணே? உன்னால அவருக்கும் கெட்ட பேரு வரப் பார்த்துச்சே" என்று அழுதாள். "புத்தி கெட்டுப் போச்சும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த ஆட்டத்தன்று அவர் கடையில்தான் இருந்தார். நர்ஸ் அம்மா வீட்டுச் சாவிக்கு மாற்றுச் சாவி போட வந்திருந்தார். எப்போதும் சாவியைக் கொடுத்துவிட்டு மார்க்கெட் பக்கம் போய்விட்டு வருபவர், அன்றைக்கு ஸ்டூலை மெஷினுக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பூட்டுக்காரர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மைதானத்திலிருந்து ஒரு பெரிய ஆரவாரம் எழுந்து, தணியாமல் நீண்டுகொண்டே போனது. அவ்வளவு நேரம் நீண்டால் அது கோணக்கால் போட்ட கோலாகத்தான் இருக்கும்.

பூட்டுக்காரர் மெஷினை நிறுத்திச் சாவியைத் துடைத்துக் கொடுத்தார். நர்ஸ் அம்மா வாங்கிக்கொண்டு எழுந்தார்; போகாமல் மேஜையை ஒரு தரம் பார்த்தார்.

"ஒண்ணுதானே போட்டீங்க?"

பூட்டுக்காரர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"ஒண்ணுதாம்மா."