பிள்ளைக் காம்பராவின் ஒப்பந்தக்காரர்கள்

விடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. நான்கரைக்கெல்லாம் வினோதா மடிக்கணினியைத் திறந்துவிட்டாள். மெல்பேர்னில் அப்போது காலை ஒன்பது மணி. இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது ஓரிடத்தில்தான். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் ஒரு காலத்தில் கைக்குழந்தைகளை விட்டுப்போன பழைய பிள்ளைக் காம்பரா அது. ஒரே மேசையில் நான்கு பேர்: வினோதா, ஜீவராணி, பெற்றீசியா, கிஷாந்த். தகரக் கூரையிலிருந்து பனி சொட்டும், விரல் விறைக்கும். கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்து, பொருட்களை அடையாளம் காணக் கணினியைப் பழக்குவதற்காக, மெல்பேர்ன் கடைகளின் படங்களில் ஒவ்வொரு டப்பாவையும் சுற்றிக் கோடு போட வேண்டும். மணிக்கு அறுபது படம். கோடு மயிரிழை விலகினாலும் படம் திரும்பி வரும். எட்டு மணி நேரம் கழித்து எழுந்தால் இடுப்பு கழன்றுவிடும். கண்ணை மூடினாலும் டப்பாக்கள் போகா. மலையேறாத சொகுசு வேலை என்று பொறாமைப்படுகிறவர்கள் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

இவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. தொழிலாளி என்ற சொல்லே ஒப்பந்தத்தில் கிடையாது. ஒவ்வொருவரும் தனித்தனிச் சுயதொழில் ஒப்பந்தக்காரர். மெல்பேர்னில் இருந்து வேலையைப் பிரித்துக் கொடுப்பவர் தர்ஷன், கொழும்பில் பிறந்த தமிழர். "உங்களுக்கு நீங்களே முதலாளி" என்று சேரும்போதே தேனொழுகச் சொன்னார். அந்தச் சொல்லில் நான்கு பேருமே கொஞ்சம் மயங்கித்தான் போனார்கள். படத்துக்கான கூலியை அவர் இரண்டு முறை குறைத்தபோதுகூட இந்த முதலாளிகள் வாய் திறக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஜீவராணியின் அம்மாவை மலையில் குளவி கொட்டியது. முகம் வீங்கி மூச்சு வாங்கியவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஜீவராணியும் கூடவே போய்விட்டாள். இரண்டு நாள் படம் போகாவிட்டால் இடம் பறிபோகும். ஆகவே மற்ற மூவரும் தங்கள் வேலை முடிந்த கையோடு அவள் பெயரில் நுழைந்து அவள் பங்கையும் முடித்தார்கள். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று வினோதா, படங்களோடு தர்ஷனுக்குப் போகும் குறிப்புக் கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதியும் வைத்தாள்: அம்மாவைக் குளவி கொட்டிவிட்டது, அவள் வரும்வரை நாங்கள் மூவரும் செய்கிறோம்.

வெள்ளிக்கிழமை, ஜீவராணி இனி உள்ளே நுழைய முடியாதபடி அவள் இடம் பூட்டப்பட்டது. தர்ஷன் வினோதாவை மட்டும் அழைத்தார். திரையில் அவர் முகத்தில் கோபம்கூட இல்லை.

"இது மோசடி வினோதா. ஒருத்தர்ட வேலைய இன்னொருத்தர் செய்ய ஏலாது."

"மோசடின்னா நான் ஏன் சேர் எழுதி வைக்கப்போறேன்? எங்க மலையில ஒருத்திக்கு ஒடம்பு ஏலாட்டி, மத்தவங்க ஆளுக்கு ரெண்டு கை கொழுந்து அவ கூடையில போடுவாங்க. அவளுக்கும் அன்னைக்குப் பேரு விழும், நாள் சம்பளம் கெடைக்கும். அதத்தான் செஞ்சோம்."

"அது தோட்டம். இங்க நீங்க தொழிலாளி இல்ல, ஒவ்வொருத்தரும் முதலாளி."

"அப்ப எனக்கு நானே ரெண்டு நாள் லீவு குடுத்துக்கலாமா சேர்?"

தர்ஷன் சிரித்தார். "நீங்க நல்லா வேலை செய்ற ஆள். ஜீவராணி உங்கள ஏமாத்தி செய்ய வச்சான்னு ஒரு கடிதம் எழுதுங்க. மத்த ரெண்டு பேருக்கும் மேல உங்கள மேற்பார்வைக்குப் போடுறன். இல்லாட்டி திங்கட்கிழமை உங்க மூணு பேருக்கும் பூட்டு."

எழுதிவிடலாமே என்று ஒரு கணம் வினோதாவுக்குத் தோன்றியது. அவள் வீட்டில் உலை கொதிப்பதே இந்த வேலையால்தான். அப்படித் தோன்றியதற்காக அவள் வெட்கப்பட்டாள். தான் எழுதிய குறிப்புதான் ஜீவராணியின் இடத்தைப் பறித்தது. இனி தான் எழுதும் கடிதம் அவள் பெயரையும் பறிக்க வேண்டுமா?

அன்று பின்னேரமே மூவரிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஜீவராணி களைப்போடு சுவரில் சாய்ந்திருந்தாள்.

"நீ எழுதிருடி. எனக்குப் போனது போகட்டும், நீங்க மூணு பேராச்சும் நில்லுங்க."

"அடுத்த குளவி யாரக் கொட்டுதுன்னு நாங்க பாத்துக்கிட்டு இருக்கவா?" என்றான் கிஷாந்த்.

பெற்றீசியா நகத்தைக் கடித்தபடி இருந்தாள். "எனக்கு பயமாத்தான் இருக்கு. ஆனா எழுதுறதா இருந்தா நாலு பேரு பேரையும் போட்டு எழுது."

தர்ஷனுக்கு அப்படியே எழுதினார்கள். சேர்ந்துதான் செய்தோம், ஜீவராணியின் இடம் திறக்கும்வரை ஒரு படத்தையும் தொடமாட்டோம், நோய் வருத்தம் வந்தால் யாருக்கும் இடம் போகக்கூடாது. ஒரு பிரதியைப் பெற்றீசியா, பூண்டுலோயாத் தோட்டமொன்றிலிருந்து தர்ஷனுக்கே வேலை செய்யும் தன் வகுப்புத்தோழி றொசானாவுக்கு அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது: "இங்க ஆறு பேரு. எங்களுக்கும் இதே கததான். நாங்களும் தொடமாட்டோம்."

திங்கட்கிழமையும் நான்கரைக்கே நான்கு பேரும் வந்துவிட்டார்கள். வீட்டில் படுத்திருக்க யாருக்கும் முடியவில்லை. கணினிகள் மூடிக் கிடந்தன. வேலையில்லாத கைகளை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. இந்த மாதம் எப்படிப் போகும் என்பதும் தெரியவில்லை. ஐந்து மணிக்கு வினோதாவின் போன் அடித்தது, தர்ஷன்தான். அதை மேசையின் நடுவில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி அழுத்தினாள்.

"வினோதா, உங்களோட கொஞ்சம் தனியா பேசணும்."

அவள் மற்ற மூவரையும் பார்த்தாள்.

"தனியா யாரும் இல்ல சேர். நாலு பேரும் இருக்கோம், பேசுங்க."