பதினேழாம் எண் குழாய்

அந்த ஆள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது என் மனத்தில் ஒரு சந்தேகம் எழுந்ததா இல்லையா என்பது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. எழுந்தது என்று சில நாள் தோன்றுகிறது. பின்னால் நானே உண்டாக்கிக்கொண்டதாகவும் இருக்கலாம். முகம் நினைவில் இல்லை. கை நினைவிருக்கிறது. நரம்பைத் தேடவே வேண்டியிருக்கவில்லை.

2009, மாசி மாதம். ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தோம். அவ்வூரில் ஒரு குடும்பத்தில் நாற்பது வயதுக்குமேல் தசை தளர்ந்து படுக்கையில் தள்ளும் நோய் இருந்தது. தகப்பன் அதில் இறந்திருந்தார். நடு மகன் ராஜாக்கண்ணுவால் அப்போதே நடக்க முடியவில்லை. ஆய்வக உதவியாளர் ஆன்சி ரேஷன் அட்டையைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டு, குழாயில் எண் ஒட்டினாள். நான் ரத்தம் எடுத்தேன். பதினேழாம் எண் மூத்த மகன் அருணகிரி. வயது ஐம்பத்தாறு. நோய் இல்லை.

ஆய்வகத்தில் பார்த்தால் அந்தக் குழாயிலும் நோயைத் தரும் பழுதான மரபணு இருந்தது. பழுதைச் சுமந்துகொண்டு ஐம்பத்தாறு வயதில் மூட்டை தூக்கும் மனிதர். வேறொரு மரபணு அவரைக் காக்கிறது என்று எழுதினேன். அந்த ஒரு கட்டுரையின்மேல்தான் என் வேலையும் பெயரும் நின்றன. பதினைந்து வருடத்தில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டின. காலையில் ஜெபம் முடிந்ததும் அந்த எண்ணைத்தான் பார்ப்பேன். ஒரு நாளும் அது குறைந்ததில்லை.

வெளிநாட்டுக் குழு ஒன்று அதை வைத்து மருந்து செய்ய முன்வந்தது. பதினேழாம் ஆளின் புது ரத்தம் வேண்டும் என்றார்கள். நானும் ஆன்சியும் ஜீப்பில் மலையேறினோம்.

அருணகிரி புளியமரத்தடியில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். எழுபத்தொரு வயதிலும் நன்றாகவே நடந்தார்.

"அன்னிக்குக் குடுத்த மாதிரி இன்னொரு தபா குடுங்க, பெரியவரே," என்றாள் ஆன்சி.

"நானா? நான் எங்கம்மா குடுத்தேன்? ஊசின்னாலே எனக்கு ஆவாது."

அவர் மனைவி சாந்தம்மாள் சிரித்துவிட்டாள். "அன்னிக்கு இவுரு செங்கம் சந்தைக்குப் போய்ட்டாரு. நீங்க பேரைக் கூப்புட்டுக்கினே இருந்தீங்க. எங்க கொழுந்தன் குப்பன் போய் கைய நீட்டுனான். ஊர்க்கூட்டத்துக்கு அண்ணன் வரலன்னா தம்பி போய் நிக்கறதில்லையா? ஒரே வயித்துல பொறந்ததுங்க. ரத்தம் இன்னா வேற வேறயாவா ஓடும்?"

"குப்பன் பேரைக் கூப்பிட்டப்போ?" என்று கேட்டேன்.

"அதான் ஒரு தபா குடுத்துட்டமேன்னு வூட்டுக்கு வந்துட்டான்."

என் பதிவேட்டில் குப்பன் பெயருக்கு நேராக 'வரவில்லை' என்றிருந்தது. கடைசித் தம்பி. அன்று அவருக்கு முப்பத்தாறு வயது. நோய் வரும் வயதை அவர் இன்னும் எட்டியிருக்கவில்லை. நான் கண்டுபிடித்த காவல் அவ்வளவுதான்.

குப்பன் எங்கே என்று கேட்டேன். சாந்தம்மாளின் சிரிப்பு நின்றது. எதிர் வீட்டைக் காட்டினாள்.

அவர் கட்டிலில் கிடந்தார். மகள் அன்பரசி சாமைக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க டாக்டரம்மா," என்றார். "இந்தத் தபா கைய நீங்கதான் தூக்கிக்கணும்." நாங்கள் சிரிக்கவில்லை. "'இன்னா பெரியவரே, அம்பத்தாறுன்னா யாரு நம்புவா'ன்னு கேட்டீங்களே. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல."

அன்பரசி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எனக்கும் வருமா, மேடம்?"

என் கட்டுரையை நம்பினால், தப்பித்துவிடலாம் என்று சொல்லலாம். "பாதிக்குப் பாதி. சோதிச்சாதான் தெரியும்," என்றேன். அவள் மறுபடி கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது ஆன்சி சொன்னாள்: "நீங்க அப்டிக் கேட்டதா எனக்கு ஞாபகமே இல்ல மேடம். ஆளு செத்துட்டாருன்னு எழுதிடலாம். யாரு இங்க வந்து பாக்கப் போறாங்க?"

காவலூர் தாண்டியதும் கைபேசியில் என் கட்டுரையைத் திறந்தேன். நான்காம் பக்கத்தில் ஒரு வரி: 'இவர் தம் வயதைவிட மிகவும் இளமையாகத் தோன்றினார்.' காவல் இருப்பதற்குச் சான்றாக அதை எழுதியிருந்தேன். சந்தேகம் வந்ததோ இல்லையோ, கண் பார்த்திருக்கிறது. கை எழுதியிருக்கிறது.

"உண்மையைத்தான் எழுதப் போறேன்," என்றேன். ஆன்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் எழுதினேன். இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. மருந்து வேலை நின்றது. அதற்குப் பிறகும் முப்பத்தொரு பேர் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.

ராஜாக்கண்ணு முன்பே இறந்துவிட்டிருந்தார். குப்பன் ஆடி மாதம் இறந்தார். அருணகிரியும் சாந்தம்மாளும் நலம். ஆன்சி வேறு ஆய்வகத்துக்குப் போய்விட்டாள், என்னோடு பேசுவதில்லை. நான் வேலையை விட்டுவிட்டு, கணியம்பாடியில் அம்மாவின் வீட்டில் இருக்கிறேன். அன்பரசிக்குத் தை மாதம் திருமணம் நடந்தது. அவள் இன்னும் சோதனைக்கு வரவில்லை.