பொலிக்ஸேனியின் உறுதிமொழி

தெஸ்ஸலோனிக்கிக்குப் போகும் பேருந்து இரண்டு மணிக்கு. பொலிக்ஸேனி என் கவுண்ட்டருக்கு வந்தபோது மணி ஒன்று பத்து. கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை.

"சட்டுனு முத்திரை குத்து, கண்ணு."

கவாலா நகர மக்கள் சேவை மையத்தில் என் வேலை, உறுதிமொழியில் கையெழுத்திட்டவர் அவரேதான் என்று சான்றளிப்பது. மீன் பதப்படுத்தும் ஆலை மூடியதிலிருந்து பொலிக்ஸேனிக்கு வேலையில்லாதோர் உதவித்தொகை வருகிறது. வெளிநாடு போவதற்கான காரணம் என்று அவர் எழுதியிருந்தது, தங்கை பேரனின் ஞானஸ்நானம். தாளின் பின்னால் ஒரு ஜெர்மன் மருத்துவமனைக் கடிதமும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. ஆறு வாரம். கதிர்வீச்சு.

"ஞானஸ்நானம் ஆறு வாரமாக்கா?"

"குழந்தை கொஞ்சம் பெருசு."

அவர் சிரிக்கவில்லை, கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

இந்த உதவித்தொகை ஒரே ஒரு நிபந்தனையில்தான் நிற்கிறது: நாளைக்கே வேலைக்குக் கூப்பிட்டால் போகிற நிலையில் இருக்க வேண்டும். விருந்துக்காக ஆறு வாரம் எல்லை தாண்டினால் அந்த நிலை போய்விடும், பணமும் நின்றுவிடும். சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் போவதற்கு முன்பே, மருத்துவமனைக் கடிதத்தோடு சொல்லிவிட வேண்டும். போனபின் சொன்னால் ஏற்க மாட்டார்கள். வீட்டு வாடகைக்கும் அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தார். இதையெல்லாம் தணிந்த குரலில் சொன்னேன்.

"அதை என் கையாலயே எழுதணுமா?" சட்டையின் கழுத்தை விலக்கி, திருஷ்டி கழிப்பதுபோல மார்பை நோக்கி மூன்று முறை "தூ" என்றார். "எழுதினா நெஜமாயிடும்டி."

எங்கள் ஊரில் யாரும் அந்த நோயின் பெயரைச் சொல்வதில்லை. 'அந்தக் கெட்டது' என்பார்கள், அதுவும் கிசுகிசுப்பாக.

வரிசையிலிருந்து படகுக்காரர் திராசிவூலோஸ் கத்தினார்: "என்ன, ரெண்டு பேருமா கல்யாணப் பத்திரிகை எழுதுறீங்க? என் உரிமம் அடுத்த வருஷமாவது கிடைக்குமா?"

"உன் படகு எங்கயும் போகாது, அதுல ஓட்டை. வாயை மூடு!" என்றார் பொலிக்ஸேனி. அவர் விரல்கள் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தன.

"நோயோட பேரு வேணாம்க்கா. 'வெளிநாட்டில் சிகிச்சை'ன்னு போதும். கடிதத்த உள்ள வெச்சு உறையை ஒட்டி, உதவித்தொகை ஆபீசுக்கு நானே இன்னைக்கு அனுப்பிடறேன்."

புதுத் தாளை இழுத்தார். இடது கையால் மறைத்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளையைப் போல எழுதினார். 'சிகிச்சை' என்று முடித்ததும் பெட்டியைத் தூக்கிவிட்டார்.

"இருங்க. திரும்பி வர்ற தேதி."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"அது இல்லாம செல்லாது. திரும்பி வந்து மறுபடி வேலைக்குத் தயாரா இருப்பேன்னு நீங்க உறுதி சொல்லணும். அதனாலதான் பணம் தொடருது."

"நான் திரும்பி வருவேன்னா?"

"ஆமா."

"வரலைன்னா?"

தாளின் அடியில் இருந்ததை மட்டும் காட்டினேன்: பொய் உறுதிமொழிக்குத் தண்டனை உண்டு. பொடி எழுத்து. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். மணி ஒன்று நாற்பது.

"ஜெயிலா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"அப்போ வந்துதான் ஆகணும்," என்று முணுமுணுத்து, நவம்பர் பதினான்கு என்று எழுதினார். பேனா தாளைக் கிழித்துவிடும் போல அழுத்திக் கையெழுத்திட்டார். நான் முத்திரை குத்தி முடிப்பதற்குள் கதவருகே போயிருந்தார்.