இந்தப் பக்கம் மேலே

நாற்பத்தோராவது நிமிடத்தில் வர்ணனையாளர் சொல்வது இதுதான்: வாகன நிறுத்துமிடத்தில் ஒரு பச்சைக் காரின் முன்விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கின்றன, சொந்தக்காரர் போய் அணைத்துவிட்டு வரவும். பின்னால் ஓட்டி மறுபடி கேட்டேன். ஹெட்போனைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாவது முறையும் கேட்டேன். கார்தான். திரையில், வெள்ளி நிறக் கால்சட்டை போட்ட வயதான மல்லன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறான். எதிரே இளையவன் இடுப்பில் கைவைத்து நிற்கிறான். நாற்பது வருடங்களுக்கு முன்னால், இதே நிமிடத்தில், எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மாமா சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "பாருக்கா, ரெண்டு பேரும் மச்சான் மாப்பிள்ளை. சின்னவன் பெரியவனோட தங்கச்சியைக் கட்டி நட்டாத்துல விட்டுட்டுப் போயிட்டான். அதைக் கேக்கத்தான் பெரியவன் இந்த வயசுல மேடை ஏறியிருக்கான்."

நான் சப்டைட்டில் எழுதுகிறவள். ஒரு வரிக்கு இத்தனை எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரி, படிக்கிறவருக்கு மூச்சுவிட நேரம் என்று கணக்கு உண்டு. பதினெட்டு வருடமாக அந்தக் கணக்குக்குள் பிறத்தியார் பேச்சை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறேன். பழைய மல்யுத்த நிகழ்ச்சிகளை மொத்தமாக வாங்கியிருந்த ஒரு நிறுவனம், முதல் தவணையாகப் பன்னிரண்டு அனுப்பியிருந்தது. ஏழாவதைத் திறந்தபோது நடுவரின் ஒரு காலுறை மட்டும் கணுக்காலுக்கு நழுவியிருந்ததைப் பார்த்தேன். எங்கள் குஸ்தி. அன்று சாப்பிடக்கூடத் தோன்றவில்லை.

அந்தக் குஸ்தி ஓடிய வருடம்தான் அப்பா வேறு ஊருக்கு, வேறொரு வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். மாமா ஒரு தகரப் பெட்டியோடு வந்து எங்களுடன் தங்கினார். அம்மாவுக்கு ஐந்து வயது இளையவர், துறைமுகக் கிடங்கில் சரக்குப் பெட்டிகளைச் சரிபார்த்து அடுக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் குஸ்தி. தொலைக்காட்சியின் திருகு உடைந்து போயிருந்ததால் குறடால் திருகிப் போடுவார். போட்டுவிட்டு உட்கார மாட்டார். அம்மா கட்டில் ஓரத்தில் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பாள், நான் தரையில். ஆங்கிலத்தில் வர்ணனை ஓட ஓட மாமா தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். யார் யாருக்கு உறவு, யாருக்கு எதனால் பகை, அடி எங்கே விழப்போகிறது, எல்லாம். உற்சாகம் மிஞ்சும்போது ஆங்கிலமே வந்துவிடும். ஒருவன் தூக்கிச் சுழற்றப்படும்போது "ஹேண்டில் வித் கேர்!" என்பார். ஒருவன் மல்லாக்க விழுந்து தோள் தரையில் படும்போது "திஸ் சைட் அப்!" வியர்வை கொட்டினால் "கீப் ட்ரை, கீப் ட்ரை!" இவையெல்லாம் மல்யுத்தப் பிடிகளின் பெயர்கள் என்று நான் நம்பினேன். பள்ளியில் ஒருத்தியைத் தள்ளிவிட்டு, அவள் மார்பில் ஏறி உட்கார்ந்து "திஸ் சைட் அப்" என்று கத்தி, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே ஒரு மணிநேரம் நின்றிருக்கிறேன்.

பதினான்கு வயதில் வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி வந்தது. அட்டைப்பெட்டியின் நான்கு பக்கமும் அம்புக்குறி போட்டு அந்த வார்த்தைகள் அச்சடிக்கப்பட்டிருந்தன. நான் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தேன். ரசீதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மாமா என்னைப் பார்த்தார். "குஸ்திக்கும் ஐஸ்பெட்டிக்கும் ஒரே கம்பெனிதான் பாப்பா" என்றார். நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதில்லை. அம்மாவிடம் நான் சொல்லவும் இல்லை.

இப்போது இந்தக் குஸ்தி வேலை எனக்கு வந்திருப்பதை அம்மாதான் அவரிடம் உளறியிருக்கிறாள். மறுநாள் போன் வந்தது.

"பாப்பா, நீ எழுதுற குஸ்தி நம்ம குஸ்தியாமே? அக்கா சொல்லிச்சு."

"ஆமா மாமா."

"தமிழ்ல எழுத்து ஓடுமாமே."

"ஓடும்."

அவர் வீட்டுக்குக் கீழே பேருந்து ஒன்று நின்று கிளம்பிப் போவது கேட்டது.

"எல்லாத்தையுமா போடுவே?"

"பேசுறதை எல்லாம் போட்டாகணும் மாமா. வேலையே அதானே."

"சரிதான், சரிதான். அப்பல்லாம் டிவி சத்தம் கரகரன்னு இருக்கும். நான் ஒண்ணு ரெண்டு தப்பாச் சொல்லியிருப்பேன்."

"ஒண்ணு ரெண்டுதான்."

"அக்காவுக்கு இப்ப எழுத்துத் தெரியுதா?"

"கண் ஆபரேஷனுக்கு அப்புறம் நல்லாவே தெரியுது. எதிர்வீட்டுக் காலண்டர்ல தேதி படிக்கிறாங்க."

"அடக் கடவுளே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. கார் விளக்கு வெளிப்பட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் போட்டி முடிந்த விதம் அப்படியல்ல. அந்த ஞாயிறுக்கு மறுநாள், கிடங்கிலிருந்து இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் அப்பாவைக் கையோடு அழைத்துவருவது என்று மாமா முடிவு செய்திருந்தார். வர மறுத்தால் நாலு சாத்து சாத்துவது என்றும் பேச்சு. முகவரி எழுதிய துண்டுச்சீட்டு ஒரு வாரமாக அவருடைய சட்டைப்பையில் இருந்தது. அன்று போட்டியில் பெரியவன் ஜெயித்துக்கொண்டே வந்தான். இளையவனை மூலைக்குத் தள்ளி, இனி ஒரு அடிதான் பாக்கி என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஏனோ தளர்ந்தான். இளையவன் அவனைச் சாய்த்து மேலே விழுந்தான். நடுவர் மூன்று முறை தரையைத் தட்டினார். முடிந்தது.

அம்மாவின் ஊசி நின்றது. குஸ்தி பார்க்கும்போது அவள் கேள்வி கேட்டதே கிடையாது. அன்று கேட்டாள். "ஏண்டா விட்டுட்டான்?"

மாமா திரையில் விரலை வைத்துக் காட்டினார். இரண்டாவது வரிசையில் மஞ்சள் கவுன் போட்ட பெண் ஒருத்தி இருந்தாள். "அதோ, அதான் அவன் தங்கச்சி. வேணாம்னு தலையாட்டுச்சு பாரு. கட்டி இழுத்துட்டு வந்தா அது புருஷன் இல்லக்கா, மூட்டை. அதான் விட்டுட்டான்."

அம்மா மறுபடி பொத்தானில் ஊசியை ஏற்றினாள். மறுநாள் மாமா வழக்கம்போல் கிடங்குக்கு வேலைக்குப் போனார். இரண்டு மாதம் கழித்து அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் சேர்ந்தாள், இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தாள். அப்பா வரவேயில்லை. மூட்டை என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் வளர்ந்தேன். என்னைவிட்டும் ஒருவன் போனபோது அதைச் சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். அம்மாவும் வேண்டாமென்றே இருந்தாள், அவள் தம்பி அதைப் புரிந்துகொண்டான், யாரும் கேவலப்படாமல் ஒரு காரியம் முடிந்தது என்றே எப்போதும் நினைத்திருந்தேன். இப்போது ஹெட்போனில் கேட்கிறேன். பெரியவன் சாயும்போது வர்ணனையாளர்கள் இருவரும் அடுத்த வார நுழைவுச்சீட்டு எத்தனை மணியிலிருந்து கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மஞ்சள் கவுனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

வெள்ளிக்கிழமை உள்ளதை உள்ளபடியே எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சேர்ந்து பார்க்க மாமாவையும் கூப்பிட்டுவிட்டு, எழுத்தில்லாத பிரதியை எடுத்து வைத்தேன். சத்தத்தையும் குறைத்துவிட்டால் அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போவார் என்று நினைத்தேன்.

மாமா இரண்டரை மணிக்கே வந்துவிட்டார். சலவைச் சட்டை, படிய வாரிய தலை. முழங்கால் ஒத்துழைக்காததால் திரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டேன். அம்மா கட்டிலில் கால்நீட்டிச் சாய்ந்திருந்தாள். "எழுத்து ஓடும்னியே, எங்கடி?" என்றாள்.

"அது கம்பெனிக்கும்மா. நமக்குத்தான் மாமா இருக்காரே."

மாமா என்னைப் பார்த்தார். நன்றியா, சந்தேகமா, சொல்லத் தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "இந்த வெள்ளிக் கால்சட்டை இருக்கானே, இவன் முதல்ல இரும்புப் பட்டறையில..."

"மீன் லாரி ஓட்டினவன்னு சொன்னே" என்றாள் அம்மா.

"மீன் லாரியா?"

"நாத்தம் தாங்காமத்தான் எதிராளி பாதிப் பேரு விழுந்துடுவானுங்கன்னு சொன்னே."

நான் சிரித்துவிட்டேன். மாமாவும் சிரித்தார். கொஞ்ச நேரம் அப்படியே போனது. அவர் ஒன்று சொல்வார், அம்மா திருத்துவாள். இளையவனுடைய அம்மாவுக்கு ஒரு கண் தெரியாது. நடுவர் பெண்டாட்டிக்குப் பயந்தவர், அதனால்தான் காலுறையைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடிவந்திருக்கிறார். ஒன்றைக்கூட அவள் மறக்கவில்லை. மாமாவின் முகத்தில் முதலில் இருந்த மலர்ச்சி மெல்ல மெல்ல இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தான் போகிறபோக்கில் உதிர்த்த ஒவ்வொன்றையும் ஒருத்தி நாற்பது வருடம் மடித்து வைத்திருக்கிறாள் என்பது லேசான விஷயமில்லை.

"எல்லாம் டிவியில சொன்னதுதானேக்கா" என்றார், தரையைப் பார்த்து.

"போடா. அந்த ஆளு ஒரு தடவை வாயைத் திறந்து மூடுறதுக்குள்ள நீ பத்து நிமிஷம் பேசுவே. எனக்கு இங்கிலீஷ்தான் தெரியாது. கண்ணு தெரியும்ல?"

மாமா சட்டென்று நிமிர்ந்தார். பிறகு பெரிதாக மூச்சை விட்டார். அவர் தோள்கள் இறங்கின. அவ்வளவுதான், பயந்தது முடிந்துவிட்டது என்று எனக்கும் பட்டது. நான் தேநீர் போட எழுந்தேன். அடுப்படி வாசலில் நிற்கும்போது திரையில் பெரியவன் சாய்ந்துகொண்டிருந்தான். மாமாவின் குரலில் பழைய துள்ளல் திரும்பியிருந்தது.

"இதோ, மஞ்சள் கவுனு. பார்த்தியாக்கா? வேணாம்னு தலையை ஆட்டுது."

"ஆட்டல" என்றாள் அம்மா.

"என்னக்கா?"

"அவ தலையாட்டலடா. கண்ணுல விழுந்த முடியைத் தள்ளிவிட்டா. அன்னைக்கே பார்த்தேன்."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். திரையில் நடுவரின் கை மூன்று முறை எழுந்து விழுந்தது. கூட்டம் எழுந்து நின்று கத்துவது, குறைத்து வைத்த சத்தத்தில், தூரத்தில் எங்கோ மழை பெய்வதுபோல் இருந்தது.

"நீயும் வேணாம்னுதானேக்கா இருந்தே" என்றார் மாமா.

"என்னை எங்கடா கேட்டே? நீ டிவியைப் பார்த்துல்ல சொன்னே." அவள் குரல் உயரவில்லை. பொத்தான் அறுந்திருக்கிறது என்று சொல்வதுபோல்தான் சொன்னாள். "மறுநாள் நீ போவேன்னு அவரோட சட்டையெல்லாம் துவைச்சு மடிச்சு வச்சிருந்தேன்."

மாமாவின் கைகள் முழங்கால்மேல் இருந்தன. பெரிய கைகள். எத்தனையோ ஆயிரம் பெட்டிகளைத் தூக்கிய கைகள். அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை. வேலையில் மௌனத்தை விநாடிக் கணக்கில் அளக்கிறவள் நான். அன்று அளக்கத் தோன்றவில்லை.

"எனக்குப் பயமா இருந்துச்சுக்கா" என்றார் கடைசியில். "கிடங்கு ஆளுங்க ரெண்டு பேரும் வர்றோம்னுதான் சொன்னானுங்க. நான்தான் போகல. அத்தானை அடிக்க முடியாதுக்கா. அவர் முன்னாடி எனக்கு வாயே வராது."

அம்மா அவரைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை அன்னைக்குத் தமிழ்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

அந்தக் காலத்தில் ஒளிபரப்பு இந்த இடத்தோடு முடிந்து விளம்பரம் வந்துவிடும். என்னிடம் இருந்தது மூலப்பிரதி. அதில் இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. எழுத எதுவுமில்லை என்பதால் நானே அதை ஓட்டித் தள்ளிவிட்டிருந்தேன். இப்போது யாரும் அணைக்காமல் அது ஓடிக்கொண்டிருந்தது. அரங்கம் காலியாகிவிட்டிருந்தது. வேலையாட்கள் நான்கைந்து பேர் வந்து கயிறுகளைத் தளர்த்தி, மேடைமேல் இருந்த வெள்ளைத் துணியைச் சுருட்டினார்கள். அடியில் வெறும் பலகைகள் இருந்தன. இத்தனை பேர் விழுந்து எழுந்தது இந்தச் சாதாரணப் பலகைகள்மேலா என்று இருந்தது. மாமா தன்னையறியாமல் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அம்மாவும் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வேலையாட்களில் ஒருவன் எதையோ பார்த்துக் கையசைத்தான்.

"இப்ப என்னடா சொல்றாங்க?" என்றாள் அம்மா.

மாமா என்னிடம் கைநீட்டினார். ரிமோட்டைக் கொடுத்தேன். சத்தத்தைக் கூட்டினார், இன்னும் கூட்டினார், காதைத் திரையருகே கொண்டுபோய்க் கேட்டார். மரம் மரத்தின்மேல் உரசுகிற சத்தம் மட்டும் வந்தது.

"யாரும் ஒண்ணும் சொல்லலக்கா" என்றார்.

அம்மா தலையசைத்தாள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாக நீளமான பலகை ஒன்றைத் தூக்கினார்கள். பின்பக்கமாக நடக்க வேண்டியிருந்தவன் காலால் படியைத் தடவித் தேடி, அடிக்கொருமுறை தோளுக்குமேல் திரும்பிப் பார்த்துக்கொண்டே, மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தான்.