முதுகோடு முதுகு

சி.டி.யைக் கையில் வைத்துக்கொண்டு புளியந்தோப்புக் குடியிருப்பின் படியேறும்போது இக்னேஷியஸ் இரண்டு முறை திரும்பிப் போகப் பார்த்தான். ராயபுரத்தில் காலியாகக் கிடந்த ஒரு குடோனில் மூன்று நண்பர்கள் சேர்ந்து பதிவு செய்த ஜாஸ் ஆல்பம் அது. சாக்ஸபோன் இக்னேஷியஸ், பேஸ் கிட்டார் கமால், டிரம்ஸ் பகலவன். முன்கூட்டியே போட்ட மெட்டெல்லாம் கிடையாது. ஒருவன் தொடங்கினால் மற்றவன் பிடித்துக்கொள்வான், அவ்வளவுதான். தகர டப்பாவை உருட்டுகிறார்கள் என்று சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும், அவர்களுக்குக் கல்யாணக் கச்சேரியே போதும்.

ஆளுக்கொரு சுவரைப் பார்த்து, முதுகைக் காட்டித்தான் வாசிப்பார்கள். அது பகலவன் போட்ட சட்டம். "மூஞ்சியப் பாத்துகினு இருந்தா காது தூங்கிடும் மாமு" என்பான்.

பதிவன்று பாதியில் டிரம்ஸ் நின்றது. குச்சி தரையில் விழுந்து உருண்டது. இக்னேஷியஸ் திரும்பவில்லை. பகலவன் இடைவெளி விடுகிறான், இனிமேல்தான் களைகட்டப் போகிறது என்று குஷியாகிவிட்டான், மடையன். வாசித்து முடித்துத் திரும்பினால், பகலவன் டிரம்மின் மேல் சாய்ந்து கிடந்தான். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

பக்கவாதம். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் வலது கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். டிரம்ஸ் நின்ற அந்த இடத்தைத்தான் ஆல்பத்தைக் கேட்டவர்களெல்லாம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். என்னமாய் ஒரு மௌனமாம்! ஒவ்வொரு பாராட்டும் இக்னேஷியஸுக்குச் செருப்படியாக விழுந்தது.

கதவைத் திறந்த பகலவனின் மனைவி நீலா சி.டி.யை வாங்கி, அவன் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்துப் பிளேயரில் போட்டாள்.

"அப்பால கேக்கலாமே நீலா."

"இதக் கேக்கணும்னு உசுர வாங்கிகினு கீறாரு. கேக்கட்டும்ண்ணா."

அந்த இடம் வந்தது. குச்சி உருண்டது. மௌனம். அப்புறம் டிரம்மில் வெறுங்கையால் மூன்று தட்டு. மறுபடியும் மூன்று.

இக்னேஷியஸ் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். பகலவன் இடது கையை உயர்த்தித் தடுத்தான்.

"கேளு. அது வாசிப்பு இல்ல மாமு." நாக்கு குழறியது. "பேச்சு வரல. உன்னத்தான் கூப்ட்டேன்."

பிளேயரில் சாக்ஸபோன் அந்த மூன்று தட்டையும் பிடித்துக்கொண்டு, திருப்பித் திருப்பி வாசித்து, குதூகலமாக விளையாடிக்கொண்டிருந்தது.

"ஷோக்காத்தான் வாசிச்சிகினு கீற" என்றான் பகலவன்.

சிரித்துக்கொண்டு சொல்கிறானா, அழுதுகொண்டு சொல்கிறானா என்று குரலில் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். இக்னேஷியஸால் பார்க்க முடியவில்லை.