ரெண்டாவது பாட்டு பிரமாதம்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. நான் எழுதிய மர்மத் தொடர்கதைகளில் பாதி அப்படித்தான் தொடங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்தத் தடவை போனில் மூச்சிரைக்கும் குரல் எதுவும் இல்லை. சென்னையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகையின் உதவி ஆசிரியர் பேசினார். இசை மலர் போடுகிறார்களாம்.

"சார், நீங்கதான் இத்தனை வருஷமா ஜப்பான்லயே கெடக்கறீங்களே. அங்க பாட்டுக்காரங்க மத்தவங்க கச்சேரிக்குப் போவாங்களா? எத்தனை தடவை போவாங்க? அரைப் பக்கம் போதும்."

அரைப் பக்கத்துக்கு அலைய வேண்டியதில்லை. நான் குடியிருப்பது கோயென்ஜி, பாட்டுக்காரர்கள் குடியேறும் பேட்டை. இங்கே மாடியிலிருந்து துணி உதறினால் நாலு கிடார்காரர்கள் தும்முவார்கள். கீழே இறங்கி, எதிர்ப்பட்டவர்களை எல்லாம் கேட்டேன். அத்தனை பேரும் ஒரே பதில் சொன்னார்கள்: வாரம் மூன்று நாள், நாலு நாள். சங்கீத உலகம் இவ்வளவு பாசமாக இருக்கிறதே என்று எனக்கே கண் கலங்கிவிட்டது.

அத்தோடு விட்டிருக்கலாம். கடைசியாகக் கேட்டதில் என்ன பிடித்தது என்று ஒரு கேள்வியைக் கூடப் போட்டுத் தொலைத்தேன். ஒருவர் தன் காலணியை ஆராய்ந்தார். ஒருவருக்கு ரயில் ஞாபகம் வந்தது. சாக்ஸபோன்காரர் ஒருவர் யோசித்து யோசித்து, விளக்கு அலங்காரம் நன்றாக இருந்தது என்றார்.

அரைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, கதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: *'கிணறு' கூடத்தின் படிக்கட்டில் ரத்தம் சொட்டியிருந்தது. அது யாருடைய—*

அடித்தாயிற்று. பழக்க தோஷம். இந்தக் கதையில் யாரும் சாகவில்லை. கிணறு என்பது நிலத்தடியில் இருக்கும் ஒரு கச்சேரிக் கூடம்; அதன் படிக்கட்டில் சொட்டுவதெல்லாம் பீர்தான்.

இரண்டாம் தொடக்கம்: *குவாபராவுக்கு இசை என்றால் உயிர்.*

இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அடித்தாயிற்று.

மூன்றாம் தொடக்கம்: *குவாபரா வாரத்துக்கு நாலு கச்சேரிக்குப் போவான். ஒன்றையும் கேட்டதில்லை.*

இது இருக்கட்டும்.

3

குவாபராவுக்கு நாற்பதை எட்டும் வயது. பகலில் வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் அடுத்தவர் பீரோவைத் தூக்குவான். சாயங்காலம் பாஸ் கிடாரைத் தூக்குவான். 'ஈரக் குடை' என்கிற மூன்று பேர் குழுவுக்கு அவன்தான் தலைவன், பாடகன், எல்லாம்.

கிணற்றில் ஒரு சாயங்காலத்துக்கு நாலைந்து குழுக்கள் வாசிக்கும். வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும், "இன்னிக்கு யாரைப் பார்க்க வந்தீங்க?" என்று கேட்பாள். நீங்கள் சொல்லும் குழுவின் கணக்கில் ஒரு தலை ஏறும். தலை குறைந்த குழுவுக்கு அடுத்த மாதம் அழைப்பு வராது. அவ்வளவுதான் விதி. இந்த ஒரு விதியிலிருந்து ஒரு நாகரிகமே முளைத்துவிட்டது.

நம் ஊர் மொய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக் காதுகுத்துக்கு நீ வந்தாயா, உன் வீட்டு வளைகாப்புக்கு நான் வருகிறேன். பிள்ளைக்குக் காது குத்தினார்களா இல்லையா என்று எந்த மொய்க்காரன் எட்டிப் பார்த்தான்?*

குவாபராவிடம் இதற்கு ஒரு முறை இருந்தது. வாசலில் நண்பனின் குழுப் பெயரை உரக்கச் சொல்வான். கீழே இறங்கி, மேடையில் இருப்பவன் கண்ணில் படும் இடத்தில் நின்று, முதல் பாட்டுக்குத் தலையை ஆட்டுவான். பார்த்துவிட்டான் என்று தெரிந்ததும் நைசாகப் படியேறி, முக்குக் கடை வாசலுக்குப் போய் டின் பீரைத் திறப்பான். அங்கே ஏற்கனவே அவனைப் போலவே நண்பர்களைக் கேட்க வந்த இசைக் கலைஞர்கள் வட்டமாக நின்று பொரித்த கோழி தின்றுகொண்டிருப்பார்கள். கடைசிப் பாட்டின் இரைச்சல் தரையைத் தட்டும்போது எல்லோரும் இறங்கிப் போய்க் கைதட்டுவார்கள்.

பிறகுதான் முக்கியமான சடங்கு. வாசித்தவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வரும்போது, வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பாராட்ட வேண்டும். குவாபரா எல்லோரிடமும் ஒரே வசனம்தான் சொல்வான்: "ரெண்டாவது பாட்டு பிரமாதம்."

ஏன் இரண்டாவது? முதல் பாட்டு என்றால் வந்ததும் கிளம்பிவிட்டான் என்று தெரிந்துவிடும். கடைசிப் பாட்டு என்றால் கடைசியில்தான் வந்தான் என்று தெரிந்துவிடும். இரண்டாவது பாட்டைச் சொல்பவன் உட்கார்ந்து கேட்டவன். இந்த ஒரு வசனத்தில் பல வருஷம் வண்டி ஓடியது.

*\* எழுத்தாளர்கள் மட்டும் யோக்கியமா என்று நீங்கள் கேட்க வாயெடுப்பது தெரிகிறது. புத்தகக் கண்காட்சிகளில் என் கையைப் பிடித்து, "உங்க நாவல், அதுல ஒரு எடம் வருது பாருங்க" என்று சொல்லி, எந்த இடம் என்று சொல்லாமலே போன சக எழுத்தாளர்களை வரிசையில் நிறுத்தினால்— வேண்டாம். அது வேறு கதை. அதில் நிஜமாகவே ரத்தம் இருக்கும்.*

4

இப்போது குவாபராவுக்கு ஓர் ஆபத்து வேண்டும். ஆபத்து இல்லாவிட்டால் மூன்றாம் பக்கத்தில் நீங்கள் ஜோசியப் பக்கத்துக்குத் தாவிவிடுவீர்கள். எனக்கு உங்களைத் தெரியும்.

ஆபத்தின் பெயர் ஓனோதெரா. கிணற்றில் யார், எப்போது வாசிப்பது என்று முடிவு செய்பவர். ஈரக் குடைக்கு அடுத்த மாதம் ஒரு சாயங்காலம் முழுவதையும் தனியாகக் கொடுத்திருந்தார். வேறு குழு கிடையாது. கூட்டம் முழுக்க அவர்களே சேர்க்க வேண்டும். கொடுக்கும்போதே அவர் சொல்லிவிட்டார்:

"குவாபரா, பாதிக் கூடமாவது நெறையணும். நெறையலேன்னா இனிமே ஒனக்கு ஞாயித்துக்கெழம மத்தியானம்தான். ஸ்கூல் புள்ளைங்களோட வாசிக்கலாம், அதுங்களோட அப்பா அம்மா வந்து கைதட்டுவாங்க."

அது மேடையிலிருந்து மெல்ல இறக்கிவிடுவதற்குக் கோயென்ஜியின் மரியாதையான வழி. ஞாயிறு மத்தியானத்துக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. குவாபரா பயந்துபோனான். அந்த மாதம் வெறி பிடித்தவன் போல ஊரில் உள்ள எல்லாக் கச்சேரிக்கும் மொய் வைத்தான்.

அதில் ஒன்று 'பல்வலி' என்ற குழுவின் கச்சேரி. அதன் கிடார்காரன் நாகுரா, குவாபராவைவிடப் பத்து வயது இளையவன். அவன் வந்தால் அவன் பின்னால் ஒரு பட்டாளமே வரும். குவாபரா முதல் பாட்டின் தொடக்கத்தில் தலையை ஆட்டினான். முக்குக் கடைக்குப் போனான். தரை அதிர்ந்ததும் வந்து கைதட்டினான். நாகுரா வெளியே வந்தான். சுற்றிலும் நல்ல கூட்டம்.

"நல்லா உழைச்சீங்க தம்பி," என்றான் குவாபரா. "ரெண்டாவது பாட்டு பிரமாதம்."

நாகுரா துண்டால் முகத்தைத் துடைத்து முடித்தான்.

"அண்ணே," என்றான் பிறகு, ரொம்ப மரியாதையாக. "இன்னிக்கு நாங்க வாசிச்சதே ஒரே ஒரு பாட்டுதான். அரை மணி நேரமும் அதேதான்."

*அந்தக் கணத்தில் குவாபராவின் காலடியில் பூமி பிளந்து—*

பிளக்கவில்லை. வாக்கியத்தை அப்படியே விட்டு வைக்கிறேன். எவ்வளவு மட்டமான வாக்கியம் என்று நீங்களும் பாருங்கள். நிஜத்தில் நடந்தது இதுதான்: சுற்றி நின்ற எவரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அவர்களில் பாதிப் பேருக்கு அது ஒரே பாட்டு என்பது அப்போதுதான் தெரியும்.

5

நாகுராவை வில்லனாக்கத்தான் முதலில் நினைத்தேன். கறுப்புக் கண்ணாடி கூடப் போட்டுவிட்டேன். பிறகு கழற்றினேன். குவாபராவின் போன கச்சேரியில் நாகுராவும் கோழிதான் தின்றுகொண்டிருந்தான். ஆகவே அவன் பழி வாங்கவில்லை. பதிலுக்கு மொய் செய்வதாகத்தான் சொன்னான்:

"ஒங்க தனிக் கச்சேரிக்குக் கண்டிப்பா வர்றோம்ணே. ரெண்டாவது பாட்டுக்கு."

அந்த வாரமே அது ஊர் வாக்காகிவிட்டது. பொது வெந்நீர்க் குளியல் கூடத்தில் ஒருவன் முதுகை இன்னொருவன் தேய்த்தால், தேய்க்கப்பட்டவன் "ரெண்டாவது தேய்ப்பு பிரமாதம்" என்றான். குச்சியில் செருகிச் சுட்ட கோழி விற்கும் கடையில் இரண்டாவது குச்சியைக் கண்ணை மூடிச் சாப்பிட்டார்கள். குவாபரா பீரோ தூக்கிப் போன வீட்டிலேயே ஒரு டிரம்ஸ்காரன் குடியிருந்தான். இரண்டாவது பீரோவுக்கு அவன் கைதட்டினான்.

குவாபராவின் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவள் ரிட்ஸுகோ. பகலில் பல் ஆஸ்பத்திரியில் வேலை. வலிக்கும் என்பதை வலிக்கும் என்றே சொல்லிப் பழகியவள். ஒத்திகையில் குவாபரா கச்சேரியின் பாட்டு வரிசையை முறைத்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டாவது பாட்டத் தூக்கிரலாமா?" என்றான்.

"தூக்குனா மூணாவது வந்து ரெண்டாவதா ஒக்காந்துக்கும், லீடர்."

"அப்ப என்னதான் பண்றது?"

"வாசிக்கிறது," என்றாள் ரிட்ஸுகோ. "அதுக்குத்தானே வாடகைக்கு ரூம் எடுத்து ஒக்காந்திருக்கோம்."

வாசகர்கள் இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள்: குவாபரா நல்ல வாசிப்புக்காரனா, இல்லையா? நன்றாக வாசிப்பான் என்றால் இது சோகக் கதை. மாட்டான் என்றால் வேடிக்கைக் கதை. நான் இதைக் கோயென்ஜியில் பலரிடம் விசாரித்தேன். ரெண்டாவது பாட்டு பிரமாதமாக இருக்கும் என்றார்கள்.

6

கச்சேரி நாள்.

பத்திரிகைக்கு ஏற்ற முடிவு: *இரண்டாவது பாட்டு தொடங்கியதும் விளக்குகள் அணைந்தன. இருட்டில் ஓர் அலறல்.* யார் அலறியது என்று எனக்கே தெரியாததால் வேண்டாம்.

இலக்கிய ஏட்டுக்கு ஏற்ற முடிவு: *காலியான கூடத்தில் ஒருவரும் இல்லாத இருளை நோக்கி அவன் வாசித்தான். மழை பெய்தது.* மழை பெய்யவில்லை. கூடமும் காலியாக இல்லை. பிரச்சினையே அதுதான்.

அன்று முக்குக் கடை வாசலில் ஈ காக்கை இல்லை. கடைப் பையன் வெளியே வந்து தெருவை எட்டிப் பார்த்தான். அத்தனை இசைக் கலைஞர்களும் கிணற்றுக்குள் இருந்தார்கள். வாசலில் பெண் கேட்டதற்கு எல்லோரும் ஒரே பெயரைச் சொல்லிவிட்டு, ரெண்டாவது பாட்டுக்கு வந்தோம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். ஓனோதெராவுக்குக் காரணம் பற்றிக் கவலையில்லை. தலைகளைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

குவாபரா மேடையேறினான். காலிக் கூடத்தை அவனுக்குத் தெரியும். பாதிக் கூடத்தைத் தெரியும். தலையை ஆட்டிவிட்டு நழுவும் முகங்களை அவன் நன்றாகவே அறிவான். அது அவன் முகம்தான். ஆனால் வாசிக்கத் தெரிந்தவர்கள் நூறு பேர், வாயை மூடிக்கொண்டு தன் விரல்களைப் பார்ப்பதை அவன் வாழ்நாளில் கண்டதில்லை.

முதல் பாட்டு போனது. யாரும் அசையவில்லை.

இரண்டாவது பாட்டைத் தொடங்கினான். எல்லா முகங்களிலும் ஒரே சமயத்தில் இளிப்பு மலர்ந்தது. ஆனால் கேலி செய்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது பாருங்கள்: பாட்டு முடிந்த பிறகுதான் செய்ய முடியும். அதுவரை கேட்டாக வேண்டும். கேட்டார்கள். முடிந்ததும் பின்னாலிருந்து நாகுரா, "பிரமாதம்ணே" என்று குரல் கொடுக்க, கூடம் இடிந்து விழுவது போல் கைதட்டல்.

காரியம் முடிந்தது. எல்லோரும் கிளம்பத் திரும்பினார்கள்.

கிளம்ப முடியவில்லை. கிணற்றுக்கு இருப்பது ஒரே படிக்கட்டு, ஓராள் அகலம். பாதிக் கூடத்துக்கு அது போதும். அன்று படி வரை ஆட்கள் நெருக்கி நின்றார்கள். கீழே இருந்தவன் மேலே போக வேண்டுமானால் மேலே இருந்தவன் வெளியே போக வேண்டும். மேலே இருந்தவனுக்கோ, கீழே என்ன நடக்கிறது என்று தெரியாமல் போக மனமில்லை. அதற்குள் ரிட்ஸுகோ மூன்றாவது பாட்டை அடித்துவிட்டாள்.

இப்படியாக, கோயென்ஜியின் இசைக் கலைஞர்கள் ஒரு கச்சேரியை முதலிலிருந்து கடைசி வரை கேட்டார்கள். இசையின் சக்தி என்று நான் எழுதினால் அழகாக இருக்கும். படிக்கட்டின் சக்தி.

7

முடிந்தது. குவாபரா வியர்வையோடு வந்து சுவரோரம் நின்றான். ஓனோதெரா முதலில் வந்து, வருஷத்துக்கு ரெண்டு தடவை இதே மாதிரி வைத்துக்கொள்ளலாம் என்று முதுகில் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போயிற்று. ஆனாலும் குவாபராவின் கண் வரிசையில்தான் இருந்தது. வரிசை நகர்ந்து நாகுரா எதிரே வந்துவிட்டான். அந்த வசனத்துக்காகக் குவாபரா தன் முகத்தைத் தயார் செய்துகொண்டான்.

நாகுரா வாயில் ஏதோ மாட்டிக்கொண்டவன் போலிருந்தான்.

"அண்ணே, அந்த மூணாவது பாட்டு," என்றான். "நடுவுல டிரம்ஸ் நின்னு, மறுபடி எல்லாரும் சேர்ற எடம் இருக்குல்ல. அங்க நீங்க அரைத் தாளம் முந்தி வர்றீங்க. ரெண்டு தடவையும் முந்திட்டீங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். கோயென்ஜியில் முகத்துக்கு நேரே யாரும் யாருக்கும் குறை சொன்னதில்லை. சொல்லும் அளவுக்குக் கேட்டவர்கள் இல்லை.

"பல வருஷமா முந்திக்கிட்டுதான் இருக்காரு," என்றாள் ரிட்ஸுகோ, குச்சிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டே. "நான் சொன்னா பொறாமைன்னுவாரு."

குவாபரா நாகுராவையே பார்த்தான். அவன் முகத்தில் என்ன ஓடியது என்று—

இங்கே மூன்று வழி இருக்கிறது. அவன் நாகுராவின் சட்டையைப் பிடிக்கலாம். அவன் மானம் இரண்டாம் தடவையாகக் கூட்டத்தின் நடுவே போயிருக்கிறது. அல்லது அழலாம், இருபது வருஷத்தில் அவனை முதல் தடவையாக ஒருவன் கேட்டிருக்கிறான். அல்லது, "எந்த எடம்?" என்று கேட்டு, பெட்டிக்குள் வைத்த கிடாரை மறுபடி வெளியே எடுக்கலாம்.

எது நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நாகுரா அந்தக் குறையைச் சொன்னதுமே கதை கிடைத்துவிட்டது என்று தோன்றியது. படியும் அப்போதுதான் காலியாகியிருந்தது. நான் முக்குக் கடைக்குப் போய்விட்டேன்.

ஆகவே முடிவு உங்கள் கையில். எழுதி அனுப்புங்கள். குறை இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். சொன்னால் உள்ளே வந்து நின்றீர்கள் என்று நம்புவேன். மரியாதைக்காகப் பாராட்டுவதாக இருந்தாலும் சரி. ஒன்றே ஒன்று மட்டும் வேண்டாம்: இரண்டாம் பகுதி பிரமாதம் என்று எழுதிவிடாதீர்கள். ஒன்றுக்கு அடுத்து நான் எழுதியது மூன்று.