இருநூற்றுப் பதினாலு 'இல்லை'

தேவசேனா அன்றைக்குக் கொடைக்கானலுக்கு வந்தது ஆதாரில் விலாசம் மாற்ற. அங்கே மூஞ்சிக்கல் பகுதியில் ஃபெமினாவின் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்த நேரம் பார்த்து சர்வர் படுத்துக்கொண்டது. அது எழுந்திருக்கிறவரை சும்மா இருப்பானேன் என்று ஃபெமினா தன் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"அக்கா, உங்க பூம்பாறை பேரு வந்திருக்கு பாருங்க. சென்ட்ரல் கவர்மென்ட் ட்ராஃப்ட் ரூல்ஸ்ல."

நூற்று எண்பது பக்கம், எல்லாம் இங்கிலீஷ். யாரோ ஒரு விவசாய சங்கத்துக்காரர் பிரிண்ட் எடுத்து வைக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். தேவசேனாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் மாத்திரை அட்டையோடு சரி. என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள்.

"பூச்சி மருந்து ரூல்ஸ் இப்ப ஸ்டேட்டுக்கு ஸ்டேட் வேற வேறயா இருக்குல்லக்கா. மருந்தடிச்ச தோட்டத்துல இத்தனை நாள் ஆள் இறங்கக் கூடாதுன்னு. இங்க மூணு நாள், மலைக்கு அந்தப் பக்கம் நாலு நாள், வடக்க சில எடத்துல ஒண்ணுமே கெடையாது. இனிமே எல்லாருக்கும் சேத்து ஒரே ரூலாம். ஒரு நாள்."

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். உள்ளதைச் சொன்னால், மூன்று நாள் விதியையே பூம்பாறையில் பாதிப் பேர் மதித்ததில்லை. ஆனாலும் விதி என்று ஒன்று இருந்ததால், "இன்னும் மூணு நாள் ஆகலை, நான் இறங்க மாட்டேன்" என்று தோட்டக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு பெண்ணுக்கு வாய் இருந்தது. அந்த வாய்க்குத்தான் இப்போது மூடி செய்துகொண்டிருந்தார்கள்.

"அதுல எங்க ஊர் எதுக்கு வருது?"

"ரீசன் குடுத்திருக்காங்க. பூம்பாறைல எரநூத்திப் பதினாலு லேடீஸ்கிட்ட சர்வே எடுத்தாங்களாம். களை எடுக்கிறவங்க. ஒருத்தருக்குக்கூட பாதிப்பு இல்லையாம். ஜீரோ. அதனால மூணு நாள் தேவையில்லைன்னு போட்டிருக்காங்க."

தேவசேனா திரைக்குக் கிட்டே குனிந்து அந்த எண்ணைப் பார்த்தாள். அந்தக் கணக்கை எடுத்தவளே அவள்தான்.

துணை சுகாதார நிலையத்தில் அவள் ஒப்பந்தக் களப்பணியாளர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டுப் படிவத்தைக் கையில் கொடுத்து, உள்ளது உள்ளபடி வாசிக்க வேண்டும், சொந்தச் சரக்கு எதையும் சேர்க்கக் கூடாது என்று பயிற்சியில் மூன்று தரம் சொல்லி அனுப்பினார்கள். அவளும் வீடு வீடாக ஏறி இறங்கி அப்படியே வாசித்தாள். ஆறாவது கேள்வி, 'பூச்சிக்கொல்லி நஞ்சினால் தங்களுக்கு எப்போதேனும் பாதிப்பு ஏற்பட்டதுண்டா?' எல்லாரும் இல்லை என்றார்கள். அவளும் இல்லை, இல்லை என்று இருநூற்றுப் பதினாலு தரம் எழுதினாள். எழுத்து அழகாக இருக்கிறது என்று மேலதிகாரி பாராட்டிக்கூட விட்டார்.

"கடைசித் தேதி என்னைக்கு?"

"கமெண்ட்ஸ் அனுப்ப இருபத்தெட்டு வரைக்கும் டைம் இருக்கு. அதுக்கு முன்னாடி பதினாறாம் தேதி இங்கயே ஒரு ஹியரிங் வச்சிருக்காங்க. யார் வேணா வந்து பேசலாம்."

சர்வர் எழுந்துகொண்டது. தேவசேனா எழுந்து போய்விட்டாள். விலாசம் பழையபடியே கிடந்தது.

பூம்பாறையில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் நேரே முருகேஸ்வரி வீட்டுக்குப் போனாள். முருகேஸ்வரி பக்கத்துத் தெரு. சொந்தமாகக் கால் ஏக்கர் பூண்டு, மிச்ச நாளெல்லாம் அடுத்தவர் தோட்டத்தில் களை. பூண்டுத் தாளை அறுத்துக் கட்டுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி முருகேசு, ரெண்டு வருசத்துக்கு முன்ன நான் சர்வே ஃபாரத்தத் தூக்கிக்கிட்டு வந்தேனே. நஞ்சுனால பாதிப்பு உண்டான்னு கேட்டேன். இல்லேன்னு சொன்ன. ஏன் அப்படிச் சொன்ன?"

முருகேஸ்வரி அரிவாளைக் கீழே வைத்தாள். "நல்லாக் கேட்டீங்கக்கா. நான் எதுக்கு நஞ்சக் குடிக்கணும்? எம் புருசன் அப்படி என்ன கொடுமை பண்ணிப்புட்டாரு?"

"குடிச்சியான்னு கேக்கலடி. மருந்தடிச்ச தோட்டத்துல இறங்கி உனக்கு ஒண்ணுமே செஞ்சதில்லையா?"

"மருந்தா? அது ஏறத்தானே செய்யும். கண்ணு எரியும், கெறங்கும், வாந்தி வரும். யாருக்குத்தான் ஏறல? அத நீங்க கேக்கவே இல்லையே."

தேவசேனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஊரில் நஞ்சு என்றால் குடிப்பது. ஜீப்பில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவது, போலீஸ் வருவது, ஊர் நாலு விதமாகப் பேசுவது. தெளிப்பது மருந்து. ஒரே டப்பாதான், ஒரே மஞ்சள் மூடிதான். குடித்தால் அதற்கு ஒரு பெயர், செடிக்கு அடித்தால் இன்னொரு பெயர். பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு அலைந்த தேவசேனாவுக்கு மட்டும் படிவத்தைக் கையில் பிடித்ததும் மறந்துபோயிற்று.

அதைவிட ஒன்று அவளைச் சுட்டது. "அன்னிக்கு நான் வந்தப்ப நீ தலையில துண்டக் கட்டிக்கிட்டு, எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டு ஒக்காந்திருந்த."

"ஆமா. முந்தின நாள் மருந்தடிச்ச தோட்டம். மூணு வாட்டி கக்குனேன். நீங்கதான் மாத்திரை குடுத்தீங்க."

மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அதே கையால் 'இல்லை' என்றும் எழுதியிருக்கிறாள். தேவசேனாவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்த கையோடு கோபமும் வந்தது. அந்தக் கோபத்தை யார் மேலும் இறக்கி வைக்க முடியவில்லை, தன் மேலேயே வைத்துக்கொண்டாள்.

மருந்து டப்பாவோடு உள்ளே வந்த சுப்புராஜ், முருகேஸ்வரியின் புருஷன், விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "ஒரு நாள்னா நமக்கு நல்லதுதான மதினி? மழைக்கு முன்னாடி களை எடுக்கலேன்னா பூண்டு என்னத்துக்கு ஆகும்? இவளுகளுக்கும் மூணு நாள் சோலி இல்லாமப் போகும்."

"ஏன் போகும்? இந்தத் தோட்டத்துல இறங்கலேன்னா அடுத்த தோட்டத்துல இறங்குறோம்," என்றாள் முருகேஸ்வரி. "மலையில தோட்டத்துக்கா பஞ்சம்? நீங்கதான் எல்லாரும் ஒரே நாள்ல அடிச்சிப்புட்டு ஒரே நாள்ல கூப்புடுறீங்க."

சுப்புராஜ் டப்பாவை மூலையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான்.

மறுநாள் வெள்ளனே தேவசேனா ஒரு நாற்பது பக்க நோட்டோடு கிளம்பினாள். பழைய பட்டியல் அவளிடம் இருந்தது. அதே வீடுகள், அதே பெண்கள். கேள்வியை மட்டும் மாற்றினாள். "மருந்தடிச்ச தோட்டத்துல இறங்கி மருந்து ஏறியிருக்கா? அடிச்சு எத்தனாம் நாள்?" இவ்வளவுதான். சிலர் கேள்வி முடியும் முன்பே சிரித்தார்கள், இதையெல்லாமா கேட்பார்கள் என்று. சிரித்துக்கொண்டே சொன்னதைத்தான் கேட்க முடியவில்லை. ஒருத்தி தேரோட்டத்துக்கு மறுநாள் வரப்பிலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார்களாம். இன்னொருத்திக்கு ஆறு மாதமாக விரல் நடுக்கம், ஊசியில் நூல் கோக்க முடியாது. திருஷ்டி என்று கயிறு கட்டியிருந்தாள்.

வேலை முடிந்த பிறகும், வேலைக்கு முன்னும், பஸ்ஸுக்கு நிற்கிற இடத்திலும் கேட்டு எழுதினாள். பதினேழு பேர் ஊரை விட்டுத் திருப்பூர் பக்கம் போய்விட்டார்கள். மிச்சம் நூற்றுத் தொண்ணூற்றேழு பேர். அதில் நூற்று அறுபத்து மூன்று பேருக்கு மருந்து ஏறியிருக்கிறது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் அடித்த இரண்டாம் நாள் இறங்கியவர்கள். புது விதி வந்தால் அது சட்டப்படியே சரியாகிவிடும்.

ஒன்பதாம் நாள் மேற்பார்வையாளர் சண்முகராஜ் போனில் கூப்பிட்டார். குரலில் கருணை சொட்டியது. கருணை சொட்டினால் அவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"முடிஞ்சுபோன கணக்க எதுக்குக் கிளறுறீங்க தேவசேனா? கெணறு வெட்டப் போயி பூதம் கெளம்பினா யாரு பதில் சொல்றது? மார்ச்சுல ரினிவல் வேற இருக்கு. யோசிச்சுக்கங்க."

"பூதம் ஏற்கெனவே கெளம்பிருச்சு சார். நூத்தி எண்பது பக்கத்துல அச்சடிச்சு வந்திருக்கு. தப்பா எழுதினது என் கை. அதத் திருத்தாம எனக்கு ரினிவல் எதுக்கு?"

போனை வைத்த பிறகு அவளுக்குப் பயம் வந்தது உண்மை. அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் நோட்டை மூடி வைக்கவில்லை. அன்று சாயங்காலம் இரண்டு தெரு பாக்கி இருந்தது, அதையும் முடித்தாள்.

பதினாறாம் தேதி முதல் பஸ்ஸில் முப்பத்தொரு பெண்கள் ஏறினார்கள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். சுப்புராஜும் வந்தான். அவன் ஒரு நாளுக்கு ஆதரவாகப் பேசப் போவதாக ஊரில் சொல்லியிருந்தான். பஸ்ஸில் புருஷனும் பெண்டாட்டியும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள்.

கூட்டம் ஒரு சமுதாயக் கூடத்தில். சென்னையிலிருந்து வந்த அதிகாரி கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வரைவு விதியைத் தமிழில் வாசித்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், தண்ணீர் கேட்டால்கூட தயவுசெய்து என்று கேட்டார். பக்கத்தில் ஒருவர் லேப்டாப்பில் தட்டெழுதிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் சண்முகராஜ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வாசித்து முடித்ததும் அதிகாரி கேட்டார். "பூச்சிக்கொல்லி நஞ்சினால் பாதிக்கப்பட்டவர்கள் யாரேனும் இங்கு இருந்தால், தயவுசெய்து கையை உயர்த்தலாம்."

ஒரு கைகூட உயரவில்லை.

தேவசேனாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. எல்லாம் சொல்லிக் கூட்டி வந்தவள், அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தாள். முப்பத்தொரு பேரும் மடியில் கையை வைத்துக்கொண்டு, பாதிக்கப்பட்ட பாவப்பட்ட ஜீவன் யாரோ என்று அக்கம்பக்கம் பார்த்தார்கள். பின்வரிசையில் சண்முகராஜ் கட்டிய கையைத் தளர்த்தினார். தட்டெழுத்தர், 'எவரும் இல்லை' என்று தட்டப் போனார்.

"எழுதாதீங்க சார்," என்று தேவசேனா எழுந்தாள். "நான் ஒரு தடவை கேக்குறேன்." அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. திரும்பிப் பெண்களைப் பார்த்தாள். "மருந்து ஏறினவங்க கையத் தூக்குங்க."

முப்பத்தொரு கையும் எழுந்தன. சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள். முருகேஸ்வரி தன் கையைத் தூக்கிவிட்டு, அந்தப் பக்க வரிசையில் இருந்த புருஷனைப் பார்த்தாள். சுப்புராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் அவனும் தூக்கினான்.

"நான் ஒரு நாளு போதும்னு பேச வந்தவன்," என்றான் அதிகாரியிடம். "அடிக்கிறவனுக்கும் ஏறத்தான் செய்யுது. போன மாசம்கூட ஏறுச்சு. அத நஞ்சுன்னு யாரும் எங்ககிட்ட சொன்னதில்ல."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். கை தூக்கியதை வைத்து அறிக்கையில் உள்ள கணக்கை நீக்க முடியாது, கணக்கெடுத்தவரே எழுதிக் கொடுத்தால்தான் அதைப் பரிசீலிக்க முடியும் என்றார். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றும் கேட்டார்.

"இங்கதான் சார் நிக்குறேன்."

தேவசேனா நோட்டையும், அதோடு சேர்த்துக் குத்தியிருந்த ஒரு தாளையும் மேஜையில் வைத்தாள். இரண்டே வரிதான் எழுதியிருந்தாள். 'இருநூற்றுப் பதினாலு பேரிடம் கணக்கெடுத்தது நான். அவர்கள் சொன்னது பொய்யில்லை, நான் கேட்டது தப்பு.' கீழே கையெழுத்தும் வேலை அடையாள எண்ணும் இருந்தன. எண்ணைப் போடாமல் விட்டிருக்கலாம். வேண்டுமென்றேதான் போட்டாள். சண்முகராஜ் பின்வரிசையிலிருந்து வெளியே போய்விட்டார்.

அதிகாரி தாளை இரண்டு தரம் படித்தார். பிறகு பதிவில் சேர்க்கச் சொன்னார். தட்டெழுத்தர் கொஞ்சம் தட்டிவிட்டு நிறுத்தினார்.

"சார், எந்த வார்த்தைய போடட்டும்? மருந்துனு போட்டா மேல ஹாஸ்பிடல் மருந்துனு நெனச்சுக்குவாங்க. நஞ்சுனு போட்டா இவங்க சொன்னது அதில்லையே."

அதிகாரி தேவசேனாவைப் பார்த்தார். தேவசேனா பெண்களைப் பார்த்தாள்.

முருகேஸ்வரி தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை. "ரெண்டையும் போடுங்க சார்," என்றாள். "மருந்துன்னு சொன்னாத்தான் எங்களுக்கு வெளங்குது. நஞ்சுன்னு சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்குது."

தட்டெழுத்தர் இரண்டையும் போட்டார்.